அச்சத்துக்கு ஒரு வரைபடம்

1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையேறிய புயல் 560 பேரைக் கொன்றது. பத்து லட்சம் பேரை வீடற்றவர்களாக்கியது. 2018 நவம்பர் 16ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை என்று மேற்கே உருட்டிக்கொண்டு போனது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வலுவுள்ள புயல்கள். கடற்கரை ஒன்று, மாதம் ஒன்று, ஊர் உறங்கும் நேரமும் ஒன்று. இடையில் நாற்பத்தோரு ஆண்டுகளில் கரையோர மக்கள்தொகை கூடியிருந்தது. அப்படியும் கஜாவில் இறந்தவர்கள், எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், எழுபதைத் தாண்டவில்லை. செயற்கைக்கோள் வந்துவிட்டது, கூரை வீடுகள் குறைந்து காரை வீடுகள் பெருகிவிட்டன, கைப்பேசி வந்துவிட்டது என்று காரணங்களை அடுக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் செயற்கைக்கோள் யாரையும் வீட்டைவிட்டு வெளியே இழுத்து வருவதில்லை. ஆடு மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, பூட்டிய கதவை நம்பி, முன்பின் தெரியாதவர்களோடு ஒரு பள்ளிக்கூடத் தரையில் இரவைக் கழிக்க ஒரு குடும்பம் சம்மதிக்க வேண்டும். கஜாவுக்கு முன்பு அப்படிச் சம்மதித்து நிவாரண முகாம்களுக்குப் போனவர்கள் எண்பதாயிரத்துக்கும் மேல். அவர்களை எழுப்பி நடக்க வைத்தது நம்பிக்கை அன்று, பயம். 2004 டிசம்பர் 26 அந்தப் பயத்தை விதைத்திருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன சுனாமி, இலங்கையின் மறைவில் கிடக்கும் அதிராம்பட்டினம் பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. ஆனால் அதன் செய்தி விடவில்லை.

பயம், கவலை, குற்றவுணர்வு, பொறாமை, வருத்தம் ஆகியவற்றை மனத்திலிருந்து துடைத்தெறிந்தால்தான் ஒருவர் முன்னேற முடியும் என்பது நம் காலத்தில் கிட்டத்தட்ட ஒரு மதநம்பிக்கை. தமிழில் இதற்கு மதிக்கத்தக்க ஒரு மரபு உண்டு. அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே, இதே பாக் நீரிணைக் கரையில் உள்ள தொண்டியில் பிறந்த அப்துற் றஹீம், சுயமுன்னேற்ற நூல்களைத் தமிழில் பரவலாக்கியவர்களில் முன்னோடி. அவருக்குப் பின் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ ஒரு தலைமுறை இளைஞர்களின் தலையணைக்கடியில் கிடந்தது. 1988இல் வந்த ‘உன்னால் முடியும் தம்பி’ படத்தின் நாயகனுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிறப்பும் தலையெழுத்தும்தான் எல்லாம் என்று நம்ப வைக்கப்பட்ட சமூகத்தில், முயன்றால் முடியும் என்று சொன்னவர்கள் அவர்கள். அந்தச் சொல்லுக்கு அன்று அரசியல் கனமே இருந்தது. அவர்கள் உழைப்பைப் பற்றியும் சேர்த்துத்தான் எழுதினார்கள். அந்த உழைப்பைக் கழித்துவிட்டு, நல்லதையே நினை, நல்லதே நடக்கும் என்று காலை வணக்கப் படங்களில் வருகிறதே, இந்த அத்தியாயத்தின் வழக்கு அந்த மிச்சத்தோடுதான்.

அந்த மிச்சத்தைச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோனவர் காப்ரியேலே எட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர். அவர் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்த்தார். கடந்த காலத்தை வைத்துப் பார்த்து ‘இது எனக்குக் கைகூடும்’ என்று மதிப்பிடுவது ஒன்று. கைகூடிவிட்டதாகவே கண்ணை மூடிக் காட்சி காண்பது இன்னொன்று. பேச்சுவழக்கில் இரண்டையும் நம்பிக்கை என்றே சொல்லிவிடுகிறோம். 1991இல் தாமஸ் வாடனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சைக்கு வந்த பெண்களில், குறைப்போம் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே குறைத்தார்கள். ஆனால் மெலிந்த உடம்போடு தோழிகள் முன்னால் போய் நிற்பதை இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள், அந்தக் கற்பனையில் கசப்பும் கலந்தே கண்டவர்களைவிடக் குறைவாகவே எடை இழந்தார்கள். டோரிஸ் மேயருடன் 2002இல் வெளியிட்ட ஆய்வுகளில், படிப்பு முடித்து வேலை தேடிய இளைஞர்களில் வேலை கிடைத்த காட்சியை அதிகம் கனவு கண்டவர்கள் குறைவாக விண்ணப்பித்தார்கள், குறைவான அழைப்பு பெற்றார்கள், குறைவான சம்பளத்தில் சேர்ந்தார்கள். இடுப்பு அறுவை முடிந்த நோயாளிகள் நடக்கத் தொடங்குவதிலும் இதே கதை. இதன் காரணத்தை ஹெதர் கேப்ஸும் எட்டிங்கனும் 2011இல் உடம்பிலேயே அளந்து காட்டினார்கள். இனிய கற்பனைக்குப் பின் இரத்த அழுத்தத்தின் மேல் எண் இறங்குகிறது. உடல் ஒரு காரியத்துக்குத் தயாராகும்போது ஏற வேண்டிய எண் அது. கனவிலேயே பரிசை வாங்கிவிட்ட மனத்துக்கு, ஓடுவதற்கு அவசரம் இருப்பதில்லை. வளைகுடா விசாவை நம்பி ஊரில் காத்திருக்கும் இளைஞர்கள் அதிராம்பட்டினத்திலிருந்து கீழக்கரை வரை எல்லாத் தெருவிலும் உண்டு. அங்கே கட்டப்போகும் மாடியை மனத்தில் கட்டி முடித்துவிட்டவனைவிட, ஏஜென்ட் ஏமாற்றிவிடுவானோ, மொழி தெரியாமல் மாட்டிக்கொள்வோமோ என்று உள்ளூர உதறல் எடுப்பவன்தான் ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லி யாரையாவது தேடிப் போவான்.

அப்படியானால் நன்றாகப் பயமுறுத்திவிட்டால் எல்லோரும் திருந்திவிடுவார்களா? இந்தக் கேள்விக்கு 1965இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் அவரது சகாக்களும் செய்த சோதனை இன்றுவரை ஒப்பற்ற விடை. மாணவர்களுக்கு டெட்டனஸ் என்னும் ரண ஜன்னியைப் பற்றி ஒரு சிறு கையேடு கொடுத்தார்கள். ஒரு சாராருக்குக் கொடுத்த கையேட்டில் பயங்கரமான படங்களும் வர்ணனையும். மறுசாராருக்கு அடக்கமான நடை. இரண்டு சாராரிலும் பாதிப் பேருக்குக் கூடுதலாக ஒன்று கொடுத்தார்கள்: தடுப்பூசி போடும் மருத்துவ மையம் வளாகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம், எந்த வகுப்புக்கும் எந்த வகுப்புக்கும் இடையில் அந்தப் பக்கம் போக முடியும் என்று யோசிக்கச் சொல்லும் ஒரு குறிப்பு. கடைசி ஆண்டு மாணவர்கள் அவர்கள். மையம் எங்கே என்று ஏற்கெனவே பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனாலும் வரைபடம் பெறாதவர்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம், பெற்றவர்களில் சுமார் 28 சதவீதம். பயங்கரப் படம் பார்த்தவர்கள் ஊசி வேண்டும் என்று மற்றவர்களைவிட உறுதியாகச் சொன்னார்கள். போய்ப் போட்டுக்கொள்வதில் மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். பயத்தின் அளவு பெரிதாக எதையும் மாற்றவில்லை, வழி தெரிந்ததுதான் மாற்றியது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, இதைப் பலர் விட்டுவிட்டே மேற்கோள் காட்டுகிறார்கள். பயமூட்டும் செய்தியே இல்லாமல் வரைபடத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது ஒருவரும் ஊசிக்குப் போகவில்லை. பயம் தனியாக நின்றாலும் பயனில்லை, வழி தனியாக நின்றாலும் பயனில்லை.

கஜாவுக்கும் 1977க்கும் இடையே நடந்ததை இப்போது வேறு கண்ணால் பார்க்கலாம். 1977இல் பயம் இல்லாமலா இருந்தது? 1952 நவம்பர் 30இல் இதே கரையில் அடித்த புயலில் நானூறு பேர் இறந்ததை நினைவில் வைத்திருந்த கிழவர்கள் அப்போது ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி புயலில் அழிந்துபோனது இன்னும் புதிய நினைவு. வானொலி இருந்தது, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இல்லாதது, எந்தக் கட்டடத்துக்குப் போவது, யார் வண்டியில் போவது, அங்கே சோறு யார் போடுவது என்பதற்கான விடை. சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் கரையோரத்தில் எழுந்த புயல் பாதுகாப்பு மையங்களும், தாசில்தார் கையிலிருந்த முகாம் பட்டியலும்தான் அந்தப் பயத்துக்குக் கிடைத்த வரைபடம். அதுவரை பயம் இருந்தது, போக்கிடம் இல்லை. போக்கிடம் இல்லாத பயம் மனிதரை உறைய வைக்கும், அல்லது ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்ற பொய்யான தைரியமாக மாறும். அந்தத் தைரியம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்று 1980இல் உளவியலாளர் நீல் வைன்ஸ்டைன் காட்டினார்: கெட்டது நடக்கும் வாய்ப்பு தமக்குக் குறைவு, பிறருக்கு அதிகம் என்றே கல்லூரி மாணவர்கள் கணித்தார்கள். எல்லோருமே சராசரியைவிடப் பத்திரமாக இருக்க முடியாது என்பது எளிய கணக்கு.

புயல் கூண்டைக் கவனித்தால் பயத்தின் வேலை இன்னும் துலங்கும். முதல் இரண்டு எண்கள் தொலைவில் எங்கோ புயல் உருவாகியிருக்கிறது என்பதற்கு. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பதற்கு. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் மாலுமி செய்ய வேண்டியது வேறு. எண் ஏறியதும் கூண்டை இறக்கிவிட்டால் கடல் அமைதியாகிவிடும் என்று எந்த மீனவரும் நினைக்க மாட்டார். மனத்தில் ஏறும் கூண்டையோ நாம் முதல் வேலையாக இறக்கப் பார்க்கிறோம். அந்தக் கூண்டே இல்லாத ஒருவரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதும் நரம்பியலுக்குத் தெரியும். மூளையின் இரு பக்கத்திலும் அமிக்டலா என்னும் பாதாம்பருப்பு அளவுப் பகுதி அழிந்துபோன ஓர் அமெரிக்கப் பெண்ணை, எஸ்.எம். என்ற முதலெழுத்துகளால் மட்டும் குறிப்பிட்டு, அயோவா ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பாம்பு பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே விற்பனைக் கடையில் பாம்பைக் கையில் வாங்கி அதன் நாக்கைத் தொட்டுப் பார்த்தார். கத்தியும் துப்பாக்கியும் அவர்மீது நீட்டப்பட்ட சம்பவங்கள் அவர் வாழ்வில் ஒன்றுக்கு மேல். கத்தி நீட்டப்பட்ட அதே பூங்கா வழியே மறுநாளும் நடந்து போனார். நேர்மறைச் சிந்தனையின் உச்சநிலை என்று விளம்பரம் செய்யத்தக்க மனம் அது. அதோடு வாழ்வது ஓயாத ஆபத்து.

வருத்தமும் இப்படித்தான். நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே உள்ள மூளைப் பகுதி பழுதானவர்களைச் சூதாட்டம் போன்ற ஒரு விளையாட்டில் அமர்த்திய ஆய்வு 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. தேர்ந்தெடுக்காத சக்கரத்தில் என்ன விழுந்திருக்கும் என்பதையும் ஒவ்வொரு முறையும் காட்டினார்கள். மற்றவர்கள் ‘அதை எடுத்திருக்கலாமே’ என்று நொந்தார்கள். நொந்து நொந்து கூடிய சீக்கிரம் ஆட்டத்தின் போக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இவர்களுக்குத் தோற்றால் ஏமாற்றம் வந்தது. ‘எடுத்திருக்கலாமே’ மட்டும் வரவில்லை. ஆட்ட முடிவில் குறைவாகச் சம்பாதித்தவர்களும் இவர்கள்தான். நடந்ததை நினைத்து வருந்தாதே என்று ஆறுதல் சொல்வது நல்ல மனம்தான். ஆனால் கற்றலின் கூலியாக மூளை கேட்பது அந்த வருத்தத்தையே.

கவலைக்கும் ஒரு வேலை உண்டு என்பதைக் காவிரிப் படுகையின் விவசாயிக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, குறிப்பாகக் கடைமடைக்காரருக்கு. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்துவிட்டாலும், கல்லணையிலிருந்து புது ஆறு என்று ஊரார் அழைக்கும் கல்லணைக் கால்வாய் வழியே ராஜாமடம் வாய்க்காலின் வால்பக்கத்துக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. வரும் என்றே வைத்து, ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகத்துக்கு நாற்றங்கால் விடுவதா, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் குறுகியகால ரகங்களில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதா, புழுதியிலேயே நேரடியாக விதைத்து மழையை நம்புவதா? முறைப்பாசனத்தில் நம் முறை வரும்போது மேல்மடைக்காரர் மதகை அடைத்துவிட்டால்? ஐப்பசி அடைமழையில் இளம்பயிர் மூழ்கினால்? இப்படி ஒவ்வொரு கேடாக எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று ஏற்பாட்டை வைத்துக்கொள்வதற்கு உளவியலில் தற்காப்பு அவநம்பிக்கை என்று பெயர். ஜூலி நோரமும் நான்சி கேன்டரும் 1986இல் இதை விவரித்தார்கள். பரீட்சைக்கு முன் ‘நான் பெயிலாகப் போகிறேன்’ என்று புலம்பிக்கொண்டே விழுந்து விழுந்து படித்து நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு, அவர்களைத்தான் ஆராய்ந்தார்கள். இந்த வகையினரை ‘உனக்கென்ன, நீ நன்றாகத்தான் செய்வாய்’ என்று தேற்றினால் அவர்களுடைய செயல்திறன் கெட்டது. பின்னால் நோரமும் ஸ்டேசி ஸ்பென்சரும் அம்பு எறியும் விளையாட்டில், மனத்தைத் தளர்த்தி இனிய காட்சி காணச் சொன்னபோதும் இவர்கள்தான் குறி தவறினார்கள். கவலை அவர்களுக்கு நோயன்று, வேலைக்கருவி. அதைப் பிடுங்கிக்கொண்டு தைரியம் சொல்வது உதவி ஆகாது.

எல்லாக் கசப்பும் ஒரே கசப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜூன் டாங்னி நெடுங்காலம் ஆராய்ந்த குற்றவுணர்வும் அவமானமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘நான் செய்தது தப்பு’ என்பது ஒரு செயலைச் சுட்டுகிறது, செயலைத் திருத்தலாம். ‘நானே தப்பு’ என்பது ஆளையே சுட்டுகிறது. அதற்கு ஒளிந்துகொள்வதும் பிறர்மேல் பழி போடுவதும் தவிர வழியில்லை. சிறைவாசிகளை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்து சென்று அவரும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், குற்றவுணர்வுக்கு ஆளாகும் இயல்புடையவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைந்திருந்தது. அவமானம் பழிபோடுதலாக மாறியவர்களிடம் கூடியிருந்தது. பிள்ளையைச் சபையில் நிறுத்தி ‘உருப்படமாட்டாய்’ என்று சொல்லும் ஆசிரியருக்கும், ‘இந்தக் கணக்கில் இந்த அடியில் தவறினாய்’ என்று சொல்லும் ஆசிரியருக்கும் உள்ள தூரம் இதுதான். இரண்டு பிள்ளைக்கும் வலிக்கும். பொறாமைக்கும் இரு முகங்கள். நெதர்லாந்தில் நீல்ஸ் வான் டி வென்னும் சகாக்களும் 2011இல் காட்டியது சற்று அதிர்ச்சிதான்: தன்னைவிட மேலான ஒருவரைப் பார்த்து வியந்தவர்களைவிட, கெடுதல் நினைக்காமல் பொறாமைப்பட்டவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், நன்றாகவும் செய்தார்கள். ஆனால் அதுவும், தாமும் எட்டலாம் என்று நம்பியபோது மட்டும். எட்டாது என்று தோன்றினால் வியப்புதான் மிச்சம். வியந்துவிட்டு மனம் நிம்மதியாக உட்கார்ந்துகொள்கிறது. யேல் மாணவர்களின் வரைபடம் இங்கேயும் வந்து நிற்கிறது.

எதிர்வாதத்துக்கு வருவோம். நம்பிக்கையாளர்கள் அதிகம் சாதிக்கிறார்கள் என்பதற்கும் ஆய்வுகள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. 1980களில் மார்ட்டின் செலிக்மன் மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனத்தின் முகவர்களை ஆராய்ந்தபோது, தோல்வியைத் தற்காலிகமானதாக விளக்கிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகம் விற்றார்கள். பத்து வீட்டில் ஒன்பது வீடு கதவைச் சாத்தும் தொழிலில் அது இயல்பு. ஒன்பதாம் கதவு சாத்தப்பட்டால் இழப்பு சில நிமிடம். அங்கே விடாப்பிடியே மூலதனம். பாலிசியும் படகும் ஒன்றாகாது. கடலுக்குள் வத்தையை இறக்கும் மீனவரும் கடன் வாங்கி நடவு போடும் குத்தகைதாரரும் ஒரு தவறான கணிப்புக்குக் கொடுக்கும் விலை வேறு. மேலும், செலிக்மன் அளந்தது நடந்த தோல்வியை விளக்கிக்கொள்ளும் முறையை. நடக்காத வெற்றியைக் கனவில் அனுபவிப்பதை அன்று. எட்டிங்கன் பிரித்துக் காட்டிய இரண்டில் அது முதலாவதைச் சேர்ந்தது. நேர்மறை உளவியலின் புகழ்பெற்ற வாய்ப்பாடு ஒன்று, ஒரு கசப்புக்கு ஏறத்தாழ மூன்று இனிப்பு இருந்தால் மனிதர் மலர்வார் என்றது. அதன் பின்னாலிருந்த கணிதம் 2013இல் நிக் பிரவுன், ஆலன் சோக்கல், ஹாரிஸ் ஃபிரீட்மன் ஆகியோர் கைபட்டு நொறுங்கிப்போனது. பிரவுன் அப்போது முதுநிலை மாணவர் என்பது சுவையான விஷயம். எனக்கு எல்லாம் முடியும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதைப் பொறுத்தவரை, ஜோஆன் வுட்டும் சகாக்களும் 2009இல் கண்டது இன்னும் கசப்பானது: தன்மதிப்பு ஏற்கெனவே குறைந்தவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்று சொல்லச் சொல்ல மனநிலை மேலும் கெட்டது. மருந்து தேவைப்பட்டவர்களுக்கே அது விஷமாயிற்று.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது, எளிதில் தட்டிக்கழிக்கக் கூடாதது. இந்த உணர்ச்சிகள் ஆளைக் கொல்கின்றனவே. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் காணாத அளவுக்குப் பொய்த்தது. காவிரியிலும் தண்ணீர் இல்லை. அந்தப் பருவத்தில் படுகையில் கருகிய பயிரைப் பார்த்து மாரடைத்தவர்களும் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் செய்தித்தாளில் அன்றாடச் செய்தியானார்கள். அந்த விவசாயிகளிடம் போய் உன் பயத்தைப் பயன்படுத்து என்று சொல்வது, நேர்மறையாகச் சிந்தி என்று சொல்வதைப் போலவே குரூரம். செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967இல் நாய்களை வைத்துச் செய்த சோதனைதான் இதற்கு அறிவியல் அடிப்படை. எந்த அசைவாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னால் தாண்டித் தப்பக்கூடிய கூண்டில் விட்டபோதும் பல படுத்தே கிடந்தன. அதே அளவு அதிர்ச்சி, ஆனால் தாமே நிறுத்தும் வழி இருந்த நாய்கள் அப்படி ஆகவில்லை. வலியின் அளவு ஒன்று. வழி இருந்ததும் இல்லாததும் வேறு. துயரத்தை வேலைவாங்கலாம் என்ற பேச்சு, வழி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். தண்ணீரும் கடன் தள்ளுபடியும் காப்பீட்டுப் பணமும் ஒருவர் தனியே உண்டாக்கிக்கொள்ளும் வழிகள் அல்ல. அவற்றை அரசுதான் திறக்க வேண்டும். பல வாரம் தொடர்ந்து தூக்கமும் பசியும் போய், எதிலும் அர்த்தமில்லை என்று தோன்றும் நிலை சுயமுன்னேற்றப் பொருளே அன்று, மருத்துவம் பார்க்க வேண்டியது. 2022இலிருந்து 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு நியாயமான கேள்வி: பதற்றம் வரும்போது அதைக் கிளர்ச்சியாக மாற்றிக்கொள்ளச் சொல்லும் ஆய்வுகள் நேர்மறைச் சிந்தனைக்குச் சாதகம் இல்லையா? 2014இல் ஆலிசன் வுட் புரூக்ஸ், மேடையேறும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசியதைக் காட்டினார். ஜெரமி ஜேமிசன் 2010இல், படபடப்பு மதிப்பெண்ணைக் குறைக்காது, கூட்டவும் கூடும் என்று தேர்வுக்கு முன் சொல்லி வைக்கப்பட்ட மாணவர்கள் கணிதப் பகுதியில் மேம்பட்டதைக் கண்டார். இரண்டிலும் படபடப்பை யாரும் அணைக்கவில்லை. அடித்துக்கொள்ளும் இதயத்தை அடித்துக்கொள்ளவிட்டு, அதன் வேகத்தை ஏறவிருக்கும் மேடைப் பக்கமும் எழுதவிருக்கும் தாள் பக்கமும் திருப்பினார்கள். உணர்ச்சியை அமுக்குவதுதான் தோற்றுப்போன வழி. அதை 1990களிலேயே ஜேம்ஸ் கிராஸ் அளந்து காட்டிவிட்டார். முகத்தில் தெரியாமல் அடக்கியவர்களுக்கு உள்ளே உடம்பின் கொதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

நடைமுறைக்கு எட்டிங்கன் தரும் வழி மிகச் சுருக்கமானது. விரும்பியதை நினை, உடனே அதற்குத் தடையாக உனக்குள் நிற்பதை நினை, அந்தத் தடை வரும்போது என்ன செய்வாய் என்று ‘இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவத்தில் எழுதி வை. கடைசிப் பகுதி அவருடைய கணவர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. வரிசை முக்கியம்: தடையை முதலில் நினைத்துவிட்டு ஆசையைப் பின்னால் நினைத்தால் அந்தப் பலன் கிடைப்பதில்லை.

ஆனால் பயம் தேய்ந்துபோகும் சரக்கு. கஜா உயிர்களை ஓரளவு விட்டுவைத்தது, தென்னையை விடவில்லை. புது ஆற்றுத் தண்ணீரின் நிச்சயமின்மையில் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியிருந்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியில், ஓர் இரவில் லட்சக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. அரசு, மரத்துக்கு 1,100 ரூபாய் வீதம், ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய் அறிவித்தது. ஆறேழு ஆண்டு காத்து வளர்த்து, பல பத்தாண்டுகள் காய்க்க வேண்டிய மரத்துக்கு அது எந்த மூலைக்கு? தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் 2009இலிருந்தே இருந்தது. மரத்தின் வயதைப் பொறுத்து ஆண்டுக்கு 9 அல்லது 14 ரூபாய் பிரீமியம், அதிலும் பாதியை வாரியமும் கால் பங்கை மாநிலமும் ஏற்க, மீதிக் கால் பங்குதான் விவசாயியுடையது. வரைபடம் கையில் இருந்தது, பயம்தான் இல்லை. நெல்லுக்குக் கெடுத் தேதிக்குள் காப்பீடு கட்டுவது படுகையில் பழகிய காரியம், ஏனென்றால் சம்பா மூழ்குவதை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். தென்னந்தோப்பே விழும் என்பது யாருடைய கவலையிலும் இல்லை. 2019இல் மறுபடி நட்ட கன்றுகள் நான்கு வயதைக் கடந்து காப்பீட்டுக்குத் தகுதியும் பெற்றுவிட்டன. அமெரிக்காவில் வெள்ளக் காப்பீட்டுக் கணக்குகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஜஸ்டின் கேலகர், வெள்ளத்துக்கு மறு ஆண்டு காப்பீடு எடுப்போர் எண்ணிக்கை எகிறுவதையும், பிறகு ஆண்டுக்கு ஆண்டு சரிந்து, ஏறக்குறைய ஒன்பதாம் ஆண்டில் வெள்ளமே வராதது போன்ற பழைய மட்டத்துக்கு வந்துவிடுவதையும் 2014இல் காட்டினார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் கஜாவின் பயம் வற்றும் ஆண்டு 2027. புதுக் கன்றுகள் நிறைந்த காய்ப்புக்கு வருவதும் அதை ஒட்டித்தான்.